சிமசினை முறித்த மக்காச்சோளச் சாறு: ஒரு நிகழ்வு ஆய்வு

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள், ஈரம் காயாத மண்ணின்மீது அட்ரசின் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பது பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளுக்குக் கைவந்த வேலை. அந்த மண்ணில் மக்காச்சோளமும் முளைக்கிறது, சாரணையும் மற்றக் களைகளும் முளைக்கின்றன. எல்லாச் செடிகளும் வேர் வழியாக அதே மருந்தைத்தான் உறிஞ்சுகின்றன. களைகள் இலை விரித்த சில நாளில் வெளுத்துக் கருகிவிடுகின்றன. மக்காச்சோளம் மட்டும் பச்சையாக நிற்கிறது. பயறு வகைகளை ஊடுபயிராகப் போடுவதானால் அட்ரசின் தெளிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு சொல்கிறது. தெளித்தால் உளுந்தும் களையோடு சேர்ந்து கருகும்.

ஒரே நஞ்சைக் குடித்த செடிகளில் ஒன்று மட்டும் எப்படிப் பிழைக்கிறது? 1950களின் பிற்பகுதியில் இந்தக் கேள்வியோடு சிலர் மக்காச்சோள நாற்றைப் பிழிந்து சாறு எடுத்தார்கள். அந்தச் சாற்றில் களைக்கொல்லியைக் கலந்து வைத்தார்கள். களைக்கொல்லி குறைந்தது.

தாவரச் சாறு பூச்சிக்கொல்லி எச்சத்தை முறித்துவிடும் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. வேம்பு, துளசி, புளி, எலுமிச்சை என்று பெயர்கள் மாறுகின்றன, செய்தி மாறுவதில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு குடுவையில், ஒரு அளவில், ஒரு முறை பார்த்ததோடு நிற்பவை. மக்காச்சோளச் சாற்றின் கதை அப்படிப்பட்டது அல்ல. எந்தப் பொருள் முறிக்கிறது, மூலக்கூறின் எந்தப் பிணைப்பை முறிக்கிறது, முறிந்தபின் என்ன மிஞ்சுகிறது, குடுவையில் நடப்பது செடிக்குள்ளும் நடக்கிறதா என்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் துருவப்பட்டது. தொடக்கத்தில் எல்லாரும் நினைத்த இடத்தில் அது முடியவும் இல்லை. தாவரச் சாற்றின் வல்லமையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சிமசின் என்னும் பொருள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த கெய்கி நிறுவனம் 1950களில் டிரையசின் வகைச் சேர்மங்களைக் களைக்கொல்லிகளாகச் சோதித்துவந்தது. 1956இல் சிமசின் வந்தது. அதன் நெருங்கிய உறவான அட்ரசின் 1958இல் வந்தது. இரண்டுக்கும் உடற்கட்டு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று கரிம அணுக்களும் மூன்று நைட்ரஜன் அணுக்களும் மாறி மாறிக் கோத்த ஒரு வளையம். அதில் இரண்டு கரிமங்களில் அமினோ தொகுதிகள் தொங்குகின்றன, மூன்றாவது கரிமத்தில் ஒரு குளோரின். இந்தக் கதை முழுவதும் அந்த ஒற்றைக் குளோரினைச் சுற்றியே நடக்கிறது.

செடியை இவை கொல்லும் விதம் பின்னாளில் தெளிவானது. இலையின் பசுங்கணிகத்துக்குள், ஒளியின் ஆற்றலால் எலக்ட்ரான்கள் கைமாறிச் செல்லும் பாதையில், டி1 என்னும் புரதத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. எலக்ட்ரானைச் சுமந்துசெல்லும் பிளாஸ்டோகுயினோன் என்ற மூலக்கூறு வந்து அதைப் பெற்றுச்செல்ல வேண்டிய இடம் அது. சிமசினோ அட்ரசினோ அங்கே அமர்ந்துகொண்டால் ஓட்டம் தடைப்படுகிறது. வெயில் தொடர்ந்து விழுகிறது, ஆனால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. தேங்கிய ஆற்றல் வீரியமான ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கி, இலையின் சவ்வுகளை அழிக்கிறது. உணவில்லாமல் சாவதற்கு முன்பே செடி இப்படிக் கருகிப்போகிறது.

மக்காச்சோளத்தின் பசுங்கணிகம் இதற்கு விதிவிலக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இலையிலிருந்து பசுங்கணிகத்தைத் தனியே பிரித்து மருந்தைக் கொடுத்தால், மக்காச்சோளத்தினுடையதும் மற்றச் செடிகளுடையதைப் போலவே முடங்குகிறது. ஆக, நஞ்சு தாக்கும் இடத்தில் மக்காச்சோளத்துக்குக் காப்பு ஏதும் இல்லை. நஞ்சு அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஏதோ நடந்துவிடுகிறது.

பிழிந்த சாறு

1957இல் ரோத் என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்தையும் கோதுமையையும் சிமசினுக்கு எதிரே வைத்து ஒப்பிட்டு எழுதினார். மக்காச்சோளத்தின் பிழிசாறு சிமசினைச் சிதைக்கிறது என்பது அப்போதே கண்ணில் பட்டது. செடியின் சாறு ஒரு வேதிப்பொருளைச் சிதைக்கிறது என்றால், அதில் ஒரு நொதி இருக்கிறது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். 1961இல் காஸ்டெல்பிராங்கோ, ஃபாய், டாய்ச் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் தகர்த்தது. சூடாக்கினால் நொதி கெட்டுவிடும். இந்தச் சாற்றின் திறனோ சூட்டைத் தாங்கியது. சிமசினை மாற்றுவது புரதம் அல்ல, சிறிய மூலக்கூறு ஒன்று என்று அவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் ரோத்தும் கெய்கியின் வேதியியலாளர் க்னூஸ்லியும் அந்தப் பொருளை நெருங்கினார்கள்.

அதற்குப் பெயர் கிடைத்தது 1962இல். ஹாமில்டனும் மோர்லாண்டும் ‘சயின்ஸ்’ இதழில் இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். மக்காச்சோள நாற்று சிமசினிலிருந்து குளோரினைக் கழற்றிவிட்டு அங்கே ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. கிடைப்பது ஹைட்ராக்சி சிமசின், அதற்குக் களையைக் கொல்லும் திறன் இல்லை. இதைச் செய்வது பென்சாக்சசினோன் வகையைச் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சாமிக் அமிலம். இன்று டிம்போவா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது இதுதான்.

இந்தப் பொருள் வேறொரு வழியில் முன்பே தெரிந்திருந்தது. பின்லாந்தில் ஆர்த்துரி விர்தனனின் குழு (1945இல் வேதியியல் நோபல் பெற்றவர் அவர்) ரை என்னும் தானியத்தின் நாற்று பூஞ்சாணத்தை எதிர்க்கும் காரணத்தைத் தேடியபோது இந்தக் குடும்பத்தைக் கண்டெடுத்திருந்தது. பின்னர் மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் இருப்பது தெரிந்தது. பூஞ்சாணத்தையும் தண்டுத் துளைப்பானையும் தடுக்கச் செடி வைத்திருக்கும் படைக்கலம் அது. மனிதன் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு மருந்தை முறிப்பதற்காக எந்தச் செடியும் காத்திருக்கவில்லை. பழைய படைக்கலம் புதிய நஞ்சின்மீதும் வேலை செய்தது. 2018இல் இந்தியாவுக்குள் வந்து நம் மக்காச்சோள வயல்களைத் துளைத்தெடுத்த படைப்புழு, இதே டிம்போவாவோடு ஒரு சர்க்கரையை மீண்டும் ஒட்டி, அதைச் செயலற்றதாக்கிவிட்டுத் தின்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முறிப்பது செடியின் தனிச்சொத்து இல்லை. புழுவுக்கும் அது தெரியும்.

குளோரின் கழலும் விதம்

சிமசினை வெறும் நீரில் போட்டுவைத்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். டிம்போவாவைச் சேர்த்ததும் வேகம் பிடிக்கிறது. வளையத்தின் மூன்று நைட்ரஜன்களும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால், குளோரினைத் தாங்கும் கரிமம் எலக்ட்ரான் பற்றாக்குறையில் தவிக்கிறது. ஹைட்ராக்சாமிக் அமிலத்தில் நைட்ரஜனோடு ஒட்டிய ஆக்சிஜன் ஒன்று இருக்கிறது, எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிப்பது. அது அந்தக் கரிமத்தைத் தாக்குகிறது. குளோரின் வெளியேறுகிறது. பிறகு நீர் வந்து டிம்போவாவை விடுவிக்கிறது. கரிமத்தில் ஹைட்ராக்சில் மட்டும் மிஞ்சுகிறது. விடுபட்ட டிம்போவா அடுத்த மூலக்கூறிடம் போகலாம். நொதி இல்லாமலேயே வினையூக்கம் நடக்கிறது.

செடிக்குள் டிம்போவா எப்போதும் வெறுங்கையாகத் திரிவதில்லை. அது தன்னையே சுடக்கூடிய பொருள் என்பதால், செடி அதோடு ஒரு குளுக்கோஸைப் பிணைத்துச் சாற்றறைக்குள் அடைத்துவைக்கிறது. பிணைப்பை அவிழ்க்கும் குளுக்கோசிடேஸ் நொதி தனி இடத்தில் இருக்கிறது. புழு கடித்தாலோ, நாம் அரைத்தாலோ, இரண்டும் கலந்து டிம்போவா விடுபடுகிறது. நாற்றை நசுக்கிப் பிழியும் செயலே சாற்றின் வேதியியலை மாற்றிவிடுகிறது. முழுச் செடியில் இருந்த நிலை வேறு, நம் குடுவையில் உள்ள நிலை வேறு. சாறெடுத்துச் சோதிக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது. அடுத்து வந்த திருப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

சான்று உறுதியாவது போல் தோன்றியது

1964இல் ஹாமில்டன் இரண்டு வேலைகள் செய்தார். பல புல்லினப் பயிர்களை எடுத்து, எதில் எவ்வளவு பென்சாக்சசினோன் இருக்கிறது, எது டிரையசினை எவ்வளவு தாங்குகிறது என்று ஒப்பிட்டார். கூடவே, டிம்போவா குறைந்த ஒரு மக்காச்சோளத் திரிபை அட்ரசினுக்கு உட்படுத்தினார். அந்தத் திரிபு இயல்பான மக்காச்சோளத்தைவிட அதிகம் துன்பப்பட்டது. பொருளை எடுத்துவிட்டால் காப்பு குறைகிறது. இதைவிட நேரான சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் சோளம் உறுத்தியது. நம் மானாவாரி நிலத்துச் சோளமும் அட்ரசினைத் தாங்கும். சோளத்துக்கும் அது பரிந்துரைக்கப்படும் களைக்கொல்லிதான். அந்தப் பயிரிலோ டிம்போவா வழியாகக் குளோரினைக் கழற்றும் வேலை நடப்பதாகத் தெரியவில்லை. மாறாக, டிம்போவா குடும்பப் பொருள் உள்ள கோதுமை, மக்காச்சோளத்தைப் போல டிரையசினைத் தாங்குவதில்லை. இருக்கும் செடி வாடுகிறது, இல்லாத செடி பிழைக்கிறது. ஒரு விளக்கம் சரியாக இருக்கும்போது இப்படி இரண்டு பக்கமும் கசியாது.

கசிவை அடைத்தவர்கள் வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் இருந்த ஷிமாபுகுரோ, லாமரோ, ஃப்ரியர் முதலியோர். கதிரியக்கக் கரிமம் கொண்டு அடையாளமிட்ட அட்ரசினைச் செடிக்குக் கொடுத்து, அது என்னென்னவாக மாறுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1970இல் அவர்கள் கண்டது, குளூட்டாதயோன் என்னும் சிறு பெப்டைடு அட்ரசினின் குளோரின் இருந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதை. கந்தகத்தின் வழியாக அது பிணைகிறது. இந்த வேலையைச் செய்வது குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்னும் நொதி. நொதியே வேண்டாம் என்று தொடங்கிய கதையில் நொதி மறுபடி வந்து நின்றது, வேறொரு இடத்தில், வேறொரு வேலையோடு. தாவரங்கள் ஒரு பூச்சிக்கொல்லியையோ களைக்கொல்லியையோ குளூட்டாதயோனோடு பிணைத்து முறிப்பதற்கு முதல் எடுத்துக்காட்டும் இதுதான்.

அந்தக் குழு மருந்தை இரண்டு வழிகளில் கொடுத்துப் பார்த்தது. வேர் வழியாகப் போனால் டிம்போவாவின் பங்கு குறிப்பிடத்தக்க அளவு இருந்தது. இலைத் திசுவுக்குள் நேராகச் செலுத்தினால் டிம்போவாவின் பங்கு மிக அற்பம். ஏறத்தாழ எல்லா வேலையையும் குளூட்டாதயோனே செய்தது. மருந்தால் நின்றுபோன ஒளிச்சேர்க்கை மீண்டும் எழும் வேகமும் குளூட்டாதயோன் பிணைப்பின் வேகமும் ஒன்றாகச் சென்றன.

1971இல் கடைசிக் கல் விழுந்தது. ஜி.டி.112 என்ற மக்காச்சோள உள்ளினப் பெருக்கக் கால்வழி (தன்னோடு தானே பல தலைமுறை சேர்த்து வளர்த்த வகை) அட்ரசினில் கருகிவிடும். மற்றக் கால்வழிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது டிம்போவாவின் அளவு அல்ல. இந்த நொதியின் செயல்தான் அதில் மிகக் குறைவாக இருந்தது. மக்காச்சோளத்தின் எதிர்ப்புத்திறனுக்கு முதன்மைக் காரணம் நொதி என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். சோளத்தின் புதிரும் அதே நொதியால் விடுபட்டது. பின்னர் 1984இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், நம் ஊர்த் துத்தியின் உறவான ஒரு களை அட்ரசினுக்குச் சாகாமல் நின்றது. அதைப் பிரித்து ஆராய்ந்தபோது அதிலும் இதே நொதி கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தது.

இதில் யாரும் தோற்கவில்லை. சாறு சிமசினை முறித்தது உண்மை, முறித்த பொருளும் உண்மை, வேதிவினையும் உண்மை. செடி பிழைத்ததற்கு அதுவே பெரிய காரணம் என்ற தாவல் மட்டும் தவறு. இன்று ஒரு தாவரச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு “இது நஞ்சை முறிக்கிறது” என்று சொல்கிறவர்களில் பலர் நிற்கும் இடமும் 1962இன் இடம்தான். அவர்களுடைய சான்று பொய் இல்லை. 1971க்குப் போகும் வழியை அவர்கள் நடக்கவில்லை.

முறிந்தபின் மிஞ்சுவது

அட்ரசின் மண்ணில் மூன்று வழிகளில் உடைகிறது. குளோரின் போய் ஹைட்ராக்சி அட்ரசின் ஆவது ஒரு வழி. பக்கத்துச் சங்கிலிகளான எத்தில் அல்லது ஐசோபுரோப்பில் தொகுதியை நுண்ணுயிர்கள் கழற்றிவிடுவது மற்ற இரண்டு. இந்தப் பின்னவற்றில் குளோரின் அப்படியே இருக்கிறது. நச்சுத்தன்மையும் மீதம் இருக்கிறது. மண்ணோடு ஒட்டாமல் நீரோடு எளிதில் இறங்கி நிலத்தடி நீரைச் சேரவும் கூடியவை இவை. ஹைட்ராக்சி அட்ரசினோ மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே அட்ரசின் 80 சதவீதம் குறைந்தது என்று ஒரு அறிக்கை சொன்னால், அந்த 80 சதவீதமும் எந்த வடிவத்துக்குப் போனது என்பதைச் சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

ஹைட்ராக்சி வடிவமும் முற்றிலும் தூய்மையானது அல்ல. உலகச் சுகாதார அமைப்பின் குடிநீர் வழிகாட்டி, அட்ரசினுக்கும் குளோரின் நீங்காத அதன் சிதைபொருள்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. ஹைட்ராக்சி அட்ரசினுக்கு 0.2 மில்லிகிராம். விலங்குச் சோதனைகளில் அது சிறுநீரகத்தைப் பாதித்ததே இந்த வரம்புக்கு அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற மிகக் கடுமையான வரம்பு வைத்து, நிலத்தடி நீரில் அட்ரசின் அதை மீறுவதைக் காரணம் காட்டி, அந்த மருந்துக்கு அனுமதி மறுத்தது. இந்தியாவில் 2020 மே மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவில் அட்ரசினும் இடம்பெற்றிருந்தது.

அப்படியானால் மக்காச்சோளச் சாற்றைப் பிழிந்து அட்ரசின் கலந்த நிலத்தில் ஊற்றினால் என்ன? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிம்போவா நீரில் நெடுநேரம் நிலைப்பதில்லை, தானே சிதைந்து வேறு பொருளாகிவிடும். இளநாற்றில் மிகுதியாகவும் வளர வளரக் குறைவாகவும் இருக்கும். ஓர் ஏக்கர் மண்ணுக்கு வேண்டிய சாற்றுக்கு எத்தனை நாற்றங்கால்களைப் பிழிவது? இந்த வேலைக்கு இயற்கை வேறொரு ஆளை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் களைக்கொல்லி சிந்திய இடத்து மண்ணிலிருந்து 1990களில் பிரித்தெடுத்த சூடோமோனாஸ் ஏடிபி என்ற பாக்டீரியா, முதலில் மக்காச்சோளச் சாறு செய்யும் அதே வேலையைச் செய்கிறது: குளோரினைக் கழற்றி ஹைட்ராக்சிலை வைக்கிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. பக்கச் சங்கிலிகளையும் கழற்றி, வளையத்தையும் உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தின்று பெருகுகிறது. சாறு தீர்ந்துபோகும், பாக்டீரியா பெருகும். நிலத்தைச் சுத்தம்செய்ய என்று கேட்டால் என் வாக்கு இரண்டாவதற்குத்தான்.

பூச்சிக்கொல்லிகளின்மீது

களைக்கொல்லியோடு இந்த வேதியியல் முடிவதில்லை. 1980இல் அயோன்னூ, டாட்டர்மேன் முதலியோர் டிம்போவா டயசினானையும் சிதைக்கிறது என்று காட்டினார்கள். டயசினான் ஓர் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி. இங்கே தாக்கப்படுவது கரிமம்-குளோரின் பிணைப்பு அல்ல, பாஸ்பரஸோடு வளையம் சேரும் பிணைப்பு. நைட்ரஜனில் ஒட்டிய அந்த ஆக்சிஜன்தான் இங்கும் ஆள்.

விஷம் குடித்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் போடும் ‘பாம்’ ஊசியை நம் கிராமங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பிராலிடாக்சிம் என்னும் அந்த மருந்திலும் நைட்ரஜனோடு ஒட்டிய ஆக்சிஜன் உண்டு. பூச்சிமருந்தால் பூட்டப்பட்ட நரம்பு நொதியிலிருந்து பாஸ்பரஸ் தொகுதியைப் பிடுங்கிவிடுவது அதுதான். மக்காச்சோள நாற்றும் அவசரப் பிரிவு ஊசியும் ஒரே வேதித் தந்திரத்தைப் பயன்படுத்துகின்றன என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு, மருந்து குடித்தவருக்குச் செடிச் சாறு கொடுக்கலாம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறைக்கு வந்தால்

காய்கறியின் மேலிருக்கும் எச்சத்துக்கு நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது புளித்தண்ணீர். தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளில், குறிப்பாகக் கறிவேப்பிலையில், எச்சம் மிகுதியாக இருப்பதாகக் கேரளத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகத்தினர் காய்கறிகளைப் புளிக்கரைசலிலோ வினிகர் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவும் முறையைப் பரப்பினார்கள். நல்ல முறை, நானும் பின்பற்றுவது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் கழுவுதல், முறித்தல் அல்ல. எச்சம் இலையை விட்டு நீருக்குப் போகிறது. நீரில் அது அப்படியே இருக்கக்கூடும். மாலத்தியான் போன்ற பல ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் காரத்தில்தான் விரைந்து சிதையும், இலேசான அமிலத்தில் அவை நிலைத்திருக்கும். புளி அமிலம். ஊறவைத்த புளித்தண்ணீரை வேறெதற்கும் பயன்படுத்தாமல் கொட்டிவிடச் சொல்வது இதனால்தான்.

காரத்தின் பக்கம் ஒரு தெளிவான ஆய்வு இருக்கிறது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆப்பிளின்மேல் தயபெண்டசோல், ஃபாஸ்மெட் என்ற இரண்டு மருந்துகளைப் பூசி, ஒரு நாள் கழித்துச் சமையல் சோடாக் கரைசலில் ஊறவைத்தார்கள். மேற்பரப்பு எச்சம் 12 முதல் 15 நிமிடங்களில் நீங்கியது. சோடா இரண்டு மருந்துகளையும் சிதைக்கவும் செய்தது. ஆனால் அந்த ஒரு நாளில் தயபெண்டசோலில் 20 சதவீதமும் ஃபாஸ்மெட்டில் 4.4 சதவீதமும் பழத்துக்குள் இறங்கிவிட்டிருந்தன. உள்ளே போனதை எந்தக் கரைசலும் தொடவில்லை. இமிடாகுளோபிரிட் போன்று செடியின் சாற்றோடு ஓடும் ஊடுருவி மருந்துகள் இன்னும் எட்டாத இடத்தில் இருக்கின்றன.

முறிவு எப்போதும் நன்மைக்கே என்றும் சொல்ல முடியாது. பாரத்தியான் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பாராக்சான் ஆகும். குளோர்பைரிபாஸும் அதேபோல் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சான் என்னும் வடிவம் பெறும். இரண்டுமே தாய்ப்பொருளைவிட நரம்பு நொதியை வலுவாகப் பூட்டுபவை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள்மீது 2000ஆம் ஆண்டு வரை வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் மண்ணில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறும். அது நச்சில் தாய்ப்பொருளுக்கு இளைத்தது அல்ல, தாய்ப்பொருளைவிட நீண்டநாள் நிலைத்திருப்பது. எண்டோசல்பானை மட்டும் அளந்துவிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று எழுதினால், அந்த ஊர் மக்களுக்கு அதைவிடப் பெரிய அநீதி இல்லை.

ஆகவே ஒரு தாவரச் சாற்றுக்கு எச்சத்தை முறிக்கும் திறன் உண்டு என்று யாராவது சொன்னால், நான் கேட்பவை இந்த மக்காச்சோள நிகழ்விலிருந்து வருகின்றன. சாறு சேர்க்காத வெறும் நீரும், அதே அமிலநிலையில் வைத்த நீரும் பக்கத்தில் இருந்தனவா? வேக வைத்த சாறும் வேலை செய்ததா? காயில் குறைந்த அளவு கழுவிய நீரில் கூடியதா, அல்லது எங்குமே இல்லாமல் போனதா? பிறந்த பொருளின் பெயர் என்ன, அதன் நச்சு எவ்வளவு? சாற்றின் நிறமிகளும் பசைகளும் அளவீட்டுக் கருவியைக் குழப்பி, இருக்கும் எச்சத்தை இல்லாதது போலக் காட்டும் அபாயமும் உண்டு; அதற்கு என்ன செய்தார்கள்? 1960களில் எளிய கருவிகளோடு இருந்தவர்கள் இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கண்டார்கள். இன்றைய ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளுக்கு இவை பெரிய காரியமே இல்லை.

வயலில் செய்து பார்க்கக்கூடியது

மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் அடுத்து உளுந்தோ பாசிப்பயறோ விதைக்க நினைப்பவருக்கு இந்த வேதியியலில் ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. பயிருக்குள் போன அட்ரசினைத்தான் மக்காச்சோளம் முறித்தது. மண்ணில் மிஞ்சியதை அது முறிக்கவில்லை. மழை குறைந்த ஆண்டில், நுண்ணுயிர்கள் ஓய்ந்த காய்ந்த மண்ணில், களிமண் மிகுந்த காரத்தன்மையுள்ள நிலத்தில் எச்சம் அடுத்த பட்டத்துக்கும் தங்கலாம். ஆய்வகத்துக்கு மண் அனுப்ப வசதி இல்லாவிட்டாலும் தொட்டிச் சோதனை செய்யலாம்.

வயலின் பல இடங்களில் மேல்மண்ணை எடுத்துக் கலந்து சில தொட்டிகளில் நிரப்ப வேண்டும். மருந்து படாத வரப்பு மண்ணை வேறு சில தொட்டிகளில் நிரப்ப வேண்டும். இரண்டிலும் விதைக்கப்போகும் பயறையே ஊன்றி, நல்ல வெயில் படும் இடத்தில் வைத்து, மூன்று வாரம் வரை கவனிக்க வேண்டும். நிழலில் வைத்தால் சோதனை பயன்படாது, ஏனென்றால் இந்த மருந்து ஒளி இருந்தால்தான் கொல்லும். இரண்டு தொட்டிகளிலும் விதை ஒன்றுபோலவே முளைக்கும். அதைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விதையில் சேமித்திருந்த உணவு தீர்ந்து, இலை தானாக வெயிலில் உணவு ஆக்கத் தொடங்கிய பிறகே வேறுபாடு தெரியும். வயல்மண் தொட்டியில் மூத்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகினால் எச்சம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டத்தில் பயறைத் தள்ளிவைத்து, மறுபடியும் மக்காச்சோளமோ சோளமோ போடுவது நல்லது. சோதனைத் தொட்டியில் மட்டும் அந்த இரண்டையும் விதைக்கக் கூடாது. எச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை பச்சையாகவே நிற்கும்.